பாஸ்போர்ட்டைப் பார்த்து வராத நோய்



2020 மார்ச் 11 அன்று மூன்று அறிவிப்புகள் ஒரே நாளில் வந்தன. கொரோனா தொற்றை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் அறிவித்தது. தூதரக, அலுவல், வேலைவாய்ப்பு விசா போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எல்லா விசாக்களையும் ஏப்ரல் 15 வரை நிறுத்திவைப்பதாக தில்லியில் இந்திய அரசு அறிவித்தது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியினருக்கான ஓசிஐ அட்டையின் விசா இல்லாப் பயணச் சலுகையும் அதோடு நின்றது. அன்றிரவு வாஷிங்டனில் ஐரோப்பாவிலிருந்து வருவோருக்குத் தடை அறிவிக்கப்பட்டது. நோய் என்ன, எங்கே பரவுகிறது என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே நாளில், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று அரசுகள் முடிவெடுத்தன. அந்த முடிவுகளுக்கு அவை கையிலெடுத்த கருவி விசா. ஒருவர் எந்த நாட்டவர், என்ன வேலைக்கு வருகிறார், எத்தனை நாள் தங்குவார் என்று பிரித்துப் பார்ப்பதற்காக உருவான ஏற்பாடு அது. அவர் உடலில் கிருமி இருக்குமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. விடை சொல்ல முடியாத ஒன்றிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதால் விளைந்த துன்பமே இன்றைய சொற்பொழிவின் பொருள். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவர் கடந்த இரண்டு வாரம் எங்கே இருந்தார், அவர் உடல்நிலை என்ன என்ற இரண்டையும் வைத்தே அந்தக் கட்டுப்பாடு அமைய வேண்டும்; அவர் கையிலுள்ள பாஸ்போர்ட்டின் நிறத்தை வைத்து அமையக்கூடாது என்பதே நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். விதிகள் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் உலகம் கொரோனாவைச் சந்தித்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. 2005-இல் ஏற்கப்பட்டு 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள் 196 நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. நோய்ப் பரவலைத் தடுக்கும்போது பன்னாட்டுப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் தேவையற்ற இடையூறு நேரக்கூடாது என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. சுகாதார நடவடிக்கைகள் வெளிப்படையாகவும் பாகுபாடின்றியும் இருக்க வேண்டும் என்கிறது 42-வது பிரிவு. 43-வது பிரிவின்படி, பயணிகளை 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்துவைக்கும் அல்லது நுழைய மறுக்கும் எந்த நாடும், நடவடிக்கை தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் அதற்கான அறிவியல் காரணத்தோடு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 40-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: குடியேற வருவோர் நீங்கலாக மற்றப் பயணிகளிடம், பொதுச் சுகாதாரத்துக்காகச் செய்யப்படும் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் கட்டணம் வாங்கக்கூடாது. 2020-க்குப் பிந்தைய இரண்டாண்டு நடப்போடு இந்தப் பிரிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், சட்டம் இருந்தும் இல்லாததுபோல நடந்துகொண்டோம் என்பது புரியும். மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

நோய்த்தடுப்பையும் ஆளைப் பிரித்துப் பார்ப்பதையும் கலப்பது 2020-இல் தொடங்கிய பழக்கமும் அல்ல. கடல்வழியே வரும் காலராவைப் பற்றிப் பேச ஐரோப்பிய அரசுகள் 1851-இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாட்டைக் கூட்டின. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும், அடுத்த ஆண்டே வெனிசில் மாநாடு கூடியது. அதே 1897-இல் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டமும் அந்த ஆண்டில்தான் இயற்றப்பட்டது. தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஓர் இடமும் இந்த வரலாற்றில் உண்டு. இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்காக, இலங்கை அரசு நம் மண்ணிலேயே தனிமைப்படுத்தல் முகாம்களை நடத்தியது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில், பிறகு மண்டபம் என்ற ஊரில். கூலிக்குப் போகிறவர் கப்பலேறுமுன் அங்கே சில நாள் தங்கி, சோதிக்கப்பட்டுத்தான் கடல் கடக்க வேண்டும். நோயின் பெயரால் நடந்த முகாம்தான். ஆனால் அது குறிவைத்தது ஒரு தொழிலாளர் கூட்டத்தை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமாயிற்று. ஓரிடத்தை யாரையேனும் பிரித்து நிறுத்துவதற்கென்று ஒதுக்கிவிட்டால், காரணம் மாறினாலும் அதன் பயன்பாடு மாறுவதில்லை என்பதை அந்த மண் நமக்குச் சொல்கிறது.

பாஸ்போர்ட்டின் கதையும் இதற்கு இணையானது. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் பலர் பாஸ்போர்ட் இன்றியே எல்லை கடந்தனர். போர்க்கால ஏற்பாடாக அது கட்டாயமாயிற்று. போர் முடிந்து, 1920-இல் பாரிசில் நாடுகள் கூடி அதை ஒரே வடிவில் ஒழுங்குபடுத்தின. அதே 1920-இல் இந்தியாவிலும் நுழைவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்ற சட்டம் வந்தது. தற்காலிகம் என்று வந்தது நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. நெருக்கடி காலத்தில் எல்லையில் போடப்படும் விதி, நெருக்கடியோடு தானாக விலகிப் போவதில்லை. இந்தக் கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

இனிச் சான்றுகள். 2020-இன் தொடக்கத்தில் சீனா மீதே உலகத்தின் கண் இருந்தது. ஜனவரி 31-இல் அறிவித்து, பிப்ரவரி 2 முதல், சீனாவிலிருந்து வரும் வெளிநாட்டவரை அமெரிக்கா தடுத்தது. தன் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களையும் அது தடுக்கவில்லை. பின்னர் நியூயார்க் நோயாளிகளிடம் எடுத்த வைரஸின் மரபணு வரிசையை ஆராய்ந்தவர்கள், அந்நகரில் பரவிய வைரஸ் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று கண்டனர். சீனப் பயணிகளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வாரங்களில், மிலான் விமானமும் லண்டன் விமானமும் தடையின்றி இறங்கிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவுக்கான தடை மார்ச் 13-இல் நடைமுறைக்கு வந்தபோது நியூயார்க்கில் நோய் வேரூன்றிவிட்டது. அபாயம் என்றால் ஒரு நாடு என்று மனம் பழகிவிட்டால், மற்ற வாசல்களைக் கவனிக்கத் தோன்றாது. வூஹான் நகரம் அடைக்கப்பட்டதன் விளைவைக் கணித மாதிரிகளால் ஆராய்ந்து 2020-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அந்த அடைப்பு சீனாவுக்குள் பரவலை 3 முதல் 5 நாள்தான் தள்ளிப்போட்டது; பிற நாடுகளுக்கு நோய் போவதைப் பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைத்தது. பயணத்தை எவ்வளவு கடுமையாகக் குறைத்தாலும், உள்ளூரில் பரவலைப் பாதியாவது குறைக்காவிட்டால் பெரிய பயன் இல்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. எல்லைக் கட்டுப்பாடு வாங்கித் தருவது சில வார அவகாசத்தை. அந்த அவகாசத்தில் மருத்துவமனையையும் பரிசோதனையையும் ஆயத்தம் செய்யாத நாட்டுக்கு அது வீண்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்டா அலை இந்தியாவை உலுக்கியபோது இந்த முறையின் முரண்பாடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. மே 4 முதல், முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் வர முடியாது. அமெரிக்கக் குடிமகனும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் வரலாம். சென்னையிலிருந்து ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வரக்கூடிய இருவரை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே மாதம் ஒரே தெருவில் தங்கியிருந்தவர்கள். இருவர் கையிலும் தொற்று இல்லை என்ற சான்றிதழ். நீல நிற அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இறங்கி வீட்டுக்குப் போகலாம். எச்1பி விசாவில் அங்கே பத்தாண்டு வேலை செய்து, வரி கட்டி, பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்திருப்பவர் விமானமே ஏற முடியாது. கிருமியின் கணக்கில் இவர்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. இதன் விளைவு என்ன? விசா வைத்திருந்த பலர் மெக்சிகோ போன்ற மூன்றாம் நாட்டுக்குப் போய் 14 நாள் தங்கி, அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். சவூதி அரேபியா 2021 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்தபோதும் இதுவே நடந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் மாலத்தீவிலும் நேபாளத்திலும் பஹ்ரைனிலும் இரண்டு வாரம் தங்கிப் போனார்கள். ஒரு பயணம் இரண்டாயிற்று, கடக்கும் விமான நிலையங்கள் கூடின, கடன் கூடியது. நோயைத் தடுக்கப் போட்ட விதி மனிதர்களை இன்னும் அதிகமாக அலையவிட்டது.

ஆஸ்திரேலியாவின் எடுத்துக்காட்டை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். என் கருத்துக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் அங்கிருந்துதான் வருகிறது. 2020 மார்ச் 20 இரவு அந்நாடு குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் அல்லாதோர்க்கு எல்லையை மூடியது. மார்ச் இறுதியிலிருந்து, திரும்பி வரும் ஒவ்வொருவரும் ஹோட்டலில் 14 நாள் தனிமைப்பட வேண்டும் என்ற விதி வந்தது. அனுமதி இல்லாமல் சொந்தக் குடிமக்கள் வெளிநாடு போவதும் தடுக்கப்பட்டது. முதல் இரண்டாண்டுகளில் அந்நாட்டிலும் நியூசிலாந்திலும் நிகழ்ந்த இறப்பு, மக்கள்தொகை விகிதத்தில், ஐரோப்பாவையும் அமெரிக்காவையும்விட மிகக் குறைவு. இதை யாரும் மறுக்க முடியாது. 'எல்லையை இறுக மூடியதால்தானே உயிர்கள் தப்பின? உரிமை பேசுகிறவர்கள் அந்த உயிர்களுக்கு என்ன விடை சொல்வீர்கள்?' என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். என் விடை இது: அங்கே உயிர்காத்தது, வருகிறவர் யாராயினும் ஒரே அளவாக நடத்திய தனிமைப்படுத்தலும் பரிசோதனையும். லண்டனிலிருந்து வந்தவரும் மணிலாவிலிருந்து வந்தவரும் அதே 14 நாள் ஒரே வகைத் தனிமையில் இருந்தார்கள். அது பயணத்தை வைத்துப் போட்ட விதி. ஆகவே வேலை செய்தது. தடுமாற்றம் அந்த அளவுகோலைக் கைவிட்டபோது வந்தது. 2021 மே 3 முதல், முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்த ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாடு திரும்பினால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அரசு அறிவித்தது. அப்போது ஏறத்தாழ 9,000 ஆஸ்திரேலியர்கள் இந்தியாவில் இருந்தனர். அவர்களில் மிகப் பலர் இந்திய வம்சாவளியினர். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது, அங்கிருந்து வரும் குடிமக்களைச் சிறையைக் காட்டி மிரட்டவில்லை. தனிமைப்படுத்தும் இடங்கள் நிரம்பி வழிகின்றன என்பது அரசின் காரணம். அதில் உண்மை இருந்தது. ஆனால் இடம் போதவில்லை என்றால் கூடுதல் இடம் அமைப்பதே முறை. வீடு திரும்புவதைக் குற்றமாக்குவது எப்படி முறையாகும்? வழக்கு சிட்னி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. மே 10 அன்று அரசின் ஆணை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மே 15-இல் தடை முடிந்தது. சட்டப்படி செல்லும் என்பதும் நியாயமானது என்பதும் ஒன்றல்ல.

நியூசிலாந்தில் நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே திரும்பி வரத் தனிமைப்படுத்தல் அறை கிடைக்க வேண்டியிருந்தது. அறைக்கு இணையத்தில் குலுக்கல்முறை வரிசை. பிரசவத்துக்கு வருபவரும் சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க வருபவரும், விடுமுறைக்கு வருபவரோடு பெரும்பாலும் அதே குலுக்கலில் நின்றார்கள். வெளிநாட்டில் தவித்த குடிமக்கள் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தனிமைப்படுத்தல் என்ற ஏற்பாடு நியாயமானதே என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் தனிப்பட்டவரின் தேவையைப் பாராத அந்தக் குலுக்கல் முறை, 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, குடிமக்கள் தாய்நாட்டில் நுழையும் உரிமையைச் சில நேர்வுகளில் நியாயமின்றி மீறியது என்றது. கட்டுப்பாடும் வேண்டும், அந்தக் கட்டுப்பாட்டுக்கு மனித முகமும் வேண்டும் என்று ஒரே தீர்ப்பு இரண்டையும் சொன்னது. இத்துறையில் வந்த தீர்ப்புகளில் நான் மிக மதிப்பது இது.

தடுப்பூசிச் சான்றிதழ் வந்ததும் எல்லாம் அறிவியல்படி ஆகிவிடும் என்று நம்பினோம். ஊசி போட்டவர், போடாதவர் என்ற பிரிவினை உடல்நிலையைச் சார்ந்ததுதான். ஆனால் எங்கே போட்ட ஊசி என்ற கேள்வி உள்ளே நுழைந்தது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு, ஆக்ஸ்போர்டு-அஸ்ட்ராசெனிகா தடுப்பூசியே. அந்த நிறுவனத்தில் தயாரான 50 லட்சம் ஊசிமருந்துகளை 2021 மார்ச்சில் பிரிட்டனே வாங்கித் தன் மக்களுக்குப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாடு புதிய பயண விதிகளை வெளியிட்டபோது, இந்தியாவில் ஊசி போட்டுக்கொண்டவர் ஊசி போடாதவராகக் கருதப்பட்டார். எதிர்ப்பு எழுந்ததும் கோவிஷீல்டை ஏற்றார்கள். ஆனால் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழ் 2021 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஐரோப்பாவில் அனுமதி பெற்ற பெயரில் அந்த மருந்து வந்தால் ஒன்றியம் முழுதும் செல்லும். கோவிஷீல்டு என்ற பெயரில் வந்தால் ஒவ்வொரு நாடும் தனியாக முடிவெடுக்கலாம். கோவாக்சின் என்ற மற்றோர் இந்தியத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலுக்காக 2021 நவம்பர் 3 வரை காத்திருந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2021 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தபோது, முதலில் அமீரகத்திலேயே இரண்டு ஊசியும் போட்டிருந்த வசிப்போர்க்கே பொதுவாக வழிவிட்டது. விடுமுறைக்கு வந்து ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர் வேலையிழக்கும் நிலையில் காத்திருந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி அட்டை கேட்பது பல பத்தாண்டு வழக்கம்தானே, இந்தியாவும் கேட்கிறதே, இதில் என்ன புதிது? இந்த ஒப்பீடு என் கருத்துக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் அட்டை உலகெங்கும் ஒரே வடிவம். ஏற்கத்தக்க மருந்து எது என்பதை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே சொல்வதில்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று 2016 ஜூலையில் விதி திருத்தப்பட்டபோது, அது எல்லார்க்கும் ஒரே நாளில் திருத்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து அட்டையின்றி மும்பையில் இறங்கும் தமிழரும், அதே விமானத்தில் வரும் கென்யரும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவர்கள். கொரோனாவுக்கு நாம் வைத்திருக்க வேண்டிய முன்மாதிரி ஏற்கனவே நம் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பட்டியல் போட்டது.

பிரிட்டனுக்கு இந்தியா கொடுத்த பதிலையும் மறைக்காமல் பேச வேண்டும். 2021 அக்டோபர் 4 முதல், இந்தியா வரும் பிரிட்டன் நாட்டவர் ஊசி போட்டிருந்தாலும் 10 நாள் தனிமைப்பட வேண்டும் என்று இந்தியா ஆணையிட்டது. சில நாளில் பிரிட்டன் இறங்கிவந்தது. அக்டோபர் 11 முதல் இந்தியச் சான்றிதழை ஏற்றது. இந்தியாவும் தன் ஆணையை விலக்கிக்கொண்டது. 'பதிலடி கொடுத்தால்தான் வல்லரசுகளுக்குப் புரிகிறது. நீங்கள் சொல்லும் நியாயம் ஏட்டுச் சுரைக்காய்' என்பார்கள். பதிலடி பலித்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த நாட்களில் லண்டனிலிருந்து ஒரே விமானத்தில் வந்த இந்தியருக்கு ஒரு விதி, பிரிட்டிஷாருக்கு வேறு விதி. பிரிட்டன் செய்த அதே தவற்றை நாமும் செய்தோம். பேரம் பேசுவதற்காகச் சுகாதார விதியைப் பயன்படுத்தினோம். 2023 ஜனவரியில் சீனப் பயணிகளிடம் பரிசோதனை கேட்டதற்காகச் சீனா தென்கொரியர்க்கும் ஜப்பானியர்க்கும் குறுகிய கால விசாக்களை நிறுத்தியது. விசா பழிவாங்கும் கருவியானால், அதன் பெயரில் சுகாதாரம் என்று எழுதியிருப்பதை அடுத்தமுறை யாரும் நம்ப மாட்டார்கள். பெருந்தொற்றில் மக்களின் நம்பிக்கையே முதல் மருந்து.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஒமைக்ரான் காட்டியது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய திரிபைக் கண்டறிந்து, 2021 நவம்பர் 24-இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். அந்நாட்டின் மரபணுக் கண்காணிப்பு அத்தனை விரைவாக இயங்கியதால்தான் உலகுக்கு அது தெரிந்தது. அடுத்த இரண்டு நாளில் பிரிட்டன் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய ஆறு நாடுகளுக்குத் தடைவிதித்தது. நவம்பர் 29 முதல் அமெரிக்கா எட்டுத் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கதவடைத்தது. விமானங்கள் நின்றதால், அந்தத் திரிபை ஆராயத் தேவையான வேதிப்பொருட்களுக்கே தட்டுப்பாடு வரும் என்று அந்த விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். நவம்பர் 30-இல் நெதர்லாந்து ஒரு செய்தி வெளியிட்டது: நவம்பர் 19, 23 தேதிகளில் எடுத்த மாதிரிகளிலேயே ஒமைக்ரான் இருந்தது. தென்னாப்பிரிக்கா அறிவிக்கும் முன்பே அது ஐரோப்பாவில் இருந்திருக்கிறது. நெதர்லாந்தை யாரும் ஆப்பிரிக்க நாடுகளைப் போலப் பூட்டவில்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரஸ் இந்தப் பயணத் தடைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பிரிட்டன் டிசம்பர் 15-இல், தடைவிதித்த நாடுகளின் சிவப்புப் பட்டியலை வெறுமையாக்கியது. அமெரிக்கா டிசம்பர் 31-இல் தடையை நீக்கியது. அதற்குள் ஒமைக்ரான் இரு நாடுகளிலும் பரவி முடிந்திருந்தது. இந்தத் தடையால் தடுக்கப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்பதைவிட, அடுத்த திரிபைக் கண்டுபிடிக்கும் ஏழை நாட்டின் சுகாதார அமைச்சர் என்ன நினைப்பார் என்பது எனக்குப் பெரிய கேள்வி. உண்மையைச் சொன்னால் தன் நாட்டுச் சுற்றுலாவும் ஏற்றுமதியும் அன்றிரவே நிற்கும் என்று தெரிந்தவர் ஒரு வாரம் தாமதித்தால், அந்த ஒரு வாரத்துக்கான விலையை உலகம் கொடுக்கும்.

விலை என்றதும், இதையெல்லாம் கட்டணமாகச் செலுத்தியவர் யார் என்று பார்க்க வேண்டும். தனிமைப்படுத்தல் பயணியின் நன்மைக்காக அல்ல; அவரைச் சுற்றியுள்ள சமூகத்தின் நன்மைக்காக. அப்படியானால் செலவு சமூகத்தினுடையது. ஒழுங்குவிதிகளின் 40-வது பிரிவின் பின்னுள்ள அறம் இதுவே. ஆனால் பிரிட்டன் 2021 பிப்ரவரி முதல், சிவப்புப் பட்டியல் நாட்டிலிருந்து வருபவர் ஒருவரிடம் ஹோட்டல் தனிமைக்கு 1,750 பவுண்டு வாங்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஒருவருக்கு 3,000 டாலர் வாங்கியது. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த நம் அரசின் வந்தே பாரத் விமானங்களிலும் பயணிகளே கட்டணம் செலுத்தினார்கள். பணமுள்ளவர் திரும்பிவிட்டார், இல்லாதவர் காத்திருந்தார். எல்லை விதி வருமான வரம்பாகவும் மாறியது. ஈரானின் துறைமுக ஊர்களில் படகில் வேலைக்குப் போன தமிழக மீனவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கிடந்தார்கள். 2020 ஜூலை 1 அன்று 687 பேருடன் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா தூத்துக்குடிக்கு வந்த பிறகே அவர்களில் பெரும்பாலோர் வீடு கண்டார்கள். சமுத்திர சேது என்ற அந்த முயற்சியில் கடற்படை ஏறத்தாழ 4,000 பேரை மீட்டது, அதைப் பாராட்டுகிறேன். உலகக் கப்பல்களில் வேலைக்காலம் முடிந்தும் இறங்க முடியாமல் 2020 இறுதியில் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் கடலிலேயே இருந்தார்கள். நாடுகள் அவர்கள் கொண்டுவந்த சரக்கை இறக்கிக்கொண்டன, அவர்களை இறங்கவிடவில்லை. சீனாவில் மருத்துவம் படித்த ஏறத்தாழ 23,000 இந்திய மாணவர்கள் 2020 மார்ச்சில் விசா நிறுத்தப்பட்ட பிறகு இரண்டாண்டுக்கு மேல் ஊரிலிருந்தே கைபேசியில் படித்தார்கள். மாணவர் விசா மீண்டும் வழங்கப்பட்டது 2022 ஆகஸ்டில். நோயாளியைத் தொடாமல் மருத்துவம் கற்க முடியுமா? அவர்களைத் தனிமைப்படுத்திச் சேர்த்துக்கொள்ள இரண்டு வாரம் போதுமாயிருந்தது.

கடைசியாக ஒரு மறுப்பு மீதமிருக்கிறது. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் சொல்வது. 'நள்ளிரவில் செய்தி வருகிறது. விடியுமுன் முடிவெடுக்க வேண்டும். சான்று சேரும்வரை காத்திருந்தால் நோய் உள்ளே வந்துவிடும். அவசரத்தில் நாட்டின் பெயரை வைத்துத்தான் கதவடைக்க முடியும்.' முதல் சில நாட்களுக்கு இது முற்றிலும் சரி. தெரியாத நோய் வரும்போது சில நாள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் அரசை நான் குறைசொல்ல மாட்டேன். வியட்நாம் போன்ற நாடுகள் தொடக்கத்திலேயே விரைந்ததால் பயன்பெற்றன. என் எதிர்ப்பு, அவசரத்தில் போட்டது அவசரம் தீர்ந்தும் நீடிப்பதற்கு. இந்தியா 2020 மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது ஒரு வாரத்துக்கு என்றுதான். வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27-இல். இடையில் இரு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஏர் பபிள் ஒப்பந்தங்களின் கீழ் குறைந்த விமானங்களும் கூடுதல் கட்டணமும். பயணிகள் உறுதிமொழி நிரப்ப வேண்டிய ஏர் சுவிதா இணையதளம், நாட்டில் நூறு கோடிக்கு மேல் ஊசிகள் போட்ட பிறகும், 2022 நவம்பர் வரை இருந்தது. அவசரத்துக்குப் போட்ட விதிக்கு முடிவுத் தேதி எழுதாவிட்டால், அதை நீக்கும் பொறுப்பு யாருடையதும் அல்லாமல் போகிறது.

இந்தியா ஒன்றைச் சரியாகச் செய்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இங்கே சிக்கிக்கொண்ட வெளிநாட்டவரின் விசாக்காலத்தை, அவர்கள் குற்றவாளிகள் ஆகாதபடி, கட்டணமின்றி மீண்டும் மீண்டும் நீட்டியது. அந்த மனப்பான்மையைச் சட்டமாக எழுதும் காலம் இது. 2024 ஜூனில் ஏற்கப்பட்ட ஒழுங்குவிதித் திருத்தங்கள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டன. 2025 மேயில் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்பாட்டையும் ஏற்றது. ஆனால் இந்தியாவின் எல்லையில் நாளை ஒரு நோய் வந்தால் பயன்படப்போவது இன்னும் 1897-இன் கொள்ளைநோய்ச் சட்டமும் 1954-இன் விமானப் பொதுச் சுகாதார விதிகளும் 1955-இன் துறைமுகச் சுகாதார விதிகளும்தான். நோய் இல்லாத இந்த ஆண்டுகளில், நாடாளுமன்றம் ஒரு தனிச்சட்டம் இயற்ற வேண்டும். அதில், ஒரே பயணத்தை மேற்கொண்ட குடிமகனுக்கும் வெளிநாட்டவர்க்கும் ஒரே சுகாதார விதி என்று எழுதுங்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடிமகனைத் தனிமைப்படுத்தலாம், திருப்பியனுப்பக் கூடாது என்று எழுதுங்கள். தனிமைப்படுத்தலின் செலவை அரசு ஏற்கும் என்று எழுதுங்கள். எந்தத் தடையும் 30 நாளில் தானாகக் காலாவதியாகும். நீட்ட வேண்டுமானால் சான்றுகளை வெளியிட்டுத்தான் நீட்ட முடியும் என்று எழுதுங்கள். முதலில் உண்மை சொன்ன நாட்டுக்குத் தடைக்குப் பதில் மருந்தும் கருவியும் அனுப்புவோம் என்று எழுதுங்கள். சட்டம் பயிலும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த மசோதாவின் முதல் வரைவை அடுத்த பெருந்தொற்று வருமுன் எழுதத் தொடங்குங்கள் என்று உங்களை வேண்டுகிறேன்.